முதலில் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள்

ஐயா, ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு எட்டாயிரம் ரூபாயில் எந்த டெலஸ்கோப் வாங்கலாம்? ஒன்றில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறது. போன வாரம் மாடியில் ஃபோனில் ஆப்பைத் திறந்துவைத்து வானம் பார்த்தோம். பத்து நட்சத்திரம்கூடத் தேறவில்லை. ஊர் வெளிச்சம்தான் காரணமா?
வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

525 மடங்கை நம்பாதீர்கள். முகப்பு லென்ஸ் 60 மி.மீ. என்றால் அதிகபட்சம் 120 மடங்குதான் உருப்படியாகத் தெரியும். அதற்கு மேல் பிம்பம் கலங்கும், ஸ்டாண்டும் ஆடும். இப்போதைக்கு 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) போதும். ஊர் வெளிச்சமும் காரணம்தான், விடுங்கள்.

நான் பதில் எழுதுவது அந்த ஃபோனுக்காக. வானம் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் இன்று இதைத்தான் செய்கிறார்கள். இருட்டில் கண்மணி சில விநாடிகளில் விரிந்துவிடும். ஆனால் விழித்திரையில் மங்கல் ஒளியைப் பிடிக்கும் கோல் செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி மறுபடி ஊற இருபது, முப்பது நிமிடம் வேண்டும். நடுவில் ஒரு தடவை வாட்ஸப் பார்த்தால் இருட்டுக்குக் கண் பழகியது கலைந்துவிடும். டார்க் மோடும் காப்பாற்றாது. குழந்தையைக் கூட்டிப்போய் கையில் வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு நட்சத்திரம் இல்லை என்றால் எப்படி? வழி பார்க்க டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று மடிப்பாகச் சுற்றுங்கள். அடர்சிவப்பு கோல் செல்களுக்கு அவ்வளவாக உறைக்காது.

மார்கழியில் மேகம் ஏமாற்றும். பொங்கல் கழியட்டும். ஜனவரிக் கடைசியில், நிலா இல்லாத இரவில், ஒன்பது மணிக்கே பாய் விரித்துப் படுத்துவிடுங்கள். ஒன்பதரைக்கு ஓரியன் என்ற வேடன் வடிவ நட்சத்திரக் கூட்டம் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும், நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும். வரிசையான மூன்று நட்சத்திரங்கள் அதன் இடுப்பு. அதற்கு வடக்கே செம்மையாகத் திருவாதிரை, தெற்கே நீலவெள்ளையாக ரைஜல். இரண்டின் நிறத்தையும் மகளையே சொல்லச் சொல்லுங்கள். இடுப்புக்குச் சற்றுத் தெற்கே புகைபோல ஒரு திட்டு: ஓரியன் நெபுலா என்ற வாயு, தூசு மேகம், சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். அதை நேராக முறைக்காதீர்கள். விழித்திரையின் நடுமையத்தில் கோல் செல்கள் கிடையாது. பார்வையைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்தால் திட்டு விரிந்து தெரியும். பிறகு மேற்கே சாய்ந்திருக்கும் கார்த்திகைக் கூட்டத்துக்குப் போங்கள். வெறும் கண்ணுக்கு ஆறு, பைனாகுலரில் டஜன் கணக்கில்.

பனி படிந்து லென்ஸ் மங்கினால் துண்டால் தேய்க்காதீர்கள், பூச்சில் கீறல் விழும். பார்க்காத நேரமெல்லாம் மூடி போட்டே வையுங்கள்.