பெண்ணியம் என்றாலே ஆண்களுக்கு எதிரான இரட்டை நியாயம்தானா?

அப்படி இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவையே பாருங்கள். இன்னொருவரின் மனைவியோடு உறவு வைத்தால் ஆணுக்கு 5 ஆண்டு வரை சிறை, அந்தப் பெண்ணுக்கு உடந்தை என்றுகூடத் தண்டனை கிடையாது. ஆண்கள் உரிமை பேசுகிறவர்கள் இதை அநியாயம் என்றார்கள், சரிதான். ஆனால் கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை என்றும் அதே பிரிவு சொன்னது, அதாவது மனைவி அவன் சொத்து மாதிரி! கணவன் வேறொருத்தியோடு போனால் மனைவி இந்தப் பிரிவில் வழக்குப் போடவும் வழியில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தபோது பெண்ணின் கண்ணியத்தையும் ஒரு காரணமாகச் சொன்னது. வழக்குப் போட்டவரோ ஓர் ஆண்.

மனைவியைக் கணவனோ அவன் வீட்டாரோ கொடுமைப்படுத்தினால் தண்டிக்க அதே பழைய சட்டத்தில் இருந்த 498ஏ பிரிவு விஷயத்தில், ஆண்கள் உரிமை பேசுகிறவர்கள் சொல்லும் குறையில் நியாயம் உண்டு. புகார் வந்த உடனே கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று 2014இல் அதே நீதிமன்றம் சொன்னது. அதற்காகச் சட்டத்தையே எடுத்துவிடு என்பது ரொம்ப அதிகம்.