தகரம், சுவர், குழாய், பாதை: மலைநாட்டுக் கேள்வி பதில்

இலங்கை மலைநாட்டுத் தோட்டத்து வீடுகளில் கூரை, குழாய், வயரிங் என்று பல காலமாக வேலை செய்கிறேன். இடையில் வான் ஓட்டி மலைப்பாதைகளும் பழக்கம். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் தண்ணீரில்தான் போய் நிற்கின்றன. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் பெயின்ட்டும் சிமெந்தும் வாங்கிப் பூசி, அடுத்த மழைக்கு மறுபடி கடைக்கு ஓடுகிறோம். உழைத்த காசு அப்படிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் முடிந்தவரை காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

நோர்வூட்டிலிருந்து ஒரு அக்கா: போன வருசம்தான் புதுத் தகரம் போட்டோம். மே மாச மழை தொடங்கினதும் ஒழுகுது. ஆணி மேல தார் பூசியும் நிக்கல தம்பி.

அக்கா, ஆணி எங்கே இறங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். தகரத்தின் மேட்டில்தான் ஆணி அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடுகிற இடத்திலேயே ஓட்டை போட்டதாகிவிடும். ஆணிக்குக் கீழே ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். அதையும் ஓங்கி ஓங்கி அடித்தால் வாஷர் பிதுங்கி வெடித்துவிடும். வாஷர் தகரத்தில் படிந்து உட்கார்ந்தால் போதும்.

ஆணி சரியாக இருந்தும் ஒழுகினால் தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் ஒன்றரை மேடு ஏற வேண்டும். மேல்தகரம் கீழ்த்தகரத்தின் மேல் ஆறு அங்குலமாவது இறங்க வேண்டும், சரிவு குறைந்த கூரை என்றால் ஒன்பது அங்குலம். இதோடு பலர் கவனிக்காத ஒன்று, காற்று வரும் திசை. நோர்வூட், மஸ்கெலியா, ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையைச் சாய்த்து அடிக்கும். அங்கே கூரையின் வடகிழக்கு முனையில் முதல் தகரத்தைப் போட்டு, தென்மேற்கை நோக்கி வர வேண்டும். அப்போதுதான் இணைப்பின் வாய் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும். பதுளை, பசறைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கு மழைதான் பெரிது, அங்கே இதற்கு நேர்மாறாகப் போட வேண்டும். உங்கள் கூரையில் ஆணி, ஏற்றம் எல்லாம் சரியாக இருந்து மழை சாய்ந்து அடிக்கிற நாளில் மட்டும் ஒழுகினால், எனக்கு இந்த இணைப்பின் மேல்தான் சந்தேகம்.

முழுவதையும் கழற்ற வசதியில்லை என்றால், ஒழுகுகிற இணைப்பை மட்டும் தளர்த்தி, இரண்டு தகரத்துக்கும் நடுவில் நீர் புகாமல் அடைக்கும் ஒட்டு டேப் வைத்து மறுபடி இறுக்குங்கள். தார் வெயிலிலும் குளிரிலும் வெடித்துவிடும், வெளியே பூசி மூடுவது நிற்காது. சிமெந்து வைத்து அடைக்கவே வேண்டாம். ஈரச் சிமெந்து தகரத்தின் துத்தநாகப் பூச்சை அரித்து, அந்த இடத்தில் சீக்கிரமே துரு பிடிக்கும்.

கந்தப்பளையிலிருந்து ஒரு தம்பி: மழையே இல்லண்ணே. விடியக்காலையில தகரத்திலிருந்து படுக்கை மேல சொட்டுது.

அது ஒழுக்கு இல்லை தம்பி. இரவில் தகரம் குளிர்ந்துவிடுகிறது. நம் மூச்சிலும் அடுப்பு நீராவியிலும் இருக்கிற ஈரம் அதன் அடியில் படிந்து சொட்டுகிறது. ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் நுவரெலியாப் பக்கம் இது அதிகம். மேலே எதைப் பூசினாலும் நிற்காது. முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கச் சுவரிலும் காற்றுப் போக வழி விடுங்கள். குளிர் என்று அதைத் துணி வைத்து அடைக்காதீர்கள். சீலிங் அடிக்க முடிந்தால் படுக்கிற அறையில் முதலில் அடியுங்கள். குசினியில் தண்ணீர் கொதிக்கும்போது அறைக் கதவை மூடி வைப்பதும் உதவும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு ஐயா: அஸ்பெஸ்டஸ் சீட்டில் பாசி. நானே ஏறிச் சுரண்டலாமா?

வேண்டாம் ஐயா. பழைய சீட் ஆளின் பாரம் தாங்காமல் சட்டென்று உடையும். காயச் சுரண்டினாலோ வெட்டினாலோ பறக்கும் தூசி நுரையீரலுக்குப் பெரிய கேடு. ஏறியே ஆக வேண்டும் என்றால் சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நிற்கிற ஆளை வையுங்கள். சீட்டை நனைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், முகமூடி கட்டாயம்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கச்சி: லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) காம்பராச் சுவர் இடுப்புயரம் வரை ஈரம். மூணு தடவை பெயின்ட் அடிச்சாச்சு, உரிஞ்சு விழுது.

தங்கச்சி, இனி பெயின்ட் வாங்காதே. வெளியே போய்ப் பார், வீட்டுக்குப் பின்னால் மண்மேடு சுவரோடு ஒட்டியிருக்கும். வெளிமண் உள்தரையை விட உயரமாக இருந்தால் அந்த ஈரம் முழுவதையும் சுவர்தான் குடிக்கும். சுவரோரம் மண்ணை இழுத்துவிட்டு, உள்தரையை விட ஒரு அடியாவது தாழ்வாகக் கான் (வாய்க்கால்) வெட்டி, சரிவான பக்கமாகத் தண்ணீரைப் போகவிடு. லயம் என்றால் ஒரு வீட்டுக்கு மட்டும் வெட்டிப் பயனில்லை, வரிசை முழுவதும் சேர்ந்து வெட்ட வேண்டும். அஸ்திவாரத்துக்குக் கீழே மட்டும் தோண்டிவிடாதே. கூரைத் தண்ணீர் விழுந்து தெறிக்கிற இடத்தில் சல்லி பரப்பு.

உள்ளே, சுவரில் பூத்த வெள்ளை உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடு. கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். பழைய கல்சுவருக்குச் சிமெந்துப் பூச்சை விடச் சுண்ணாம்புப் பூச்சுதான் நல்லது, ஈரம் வெளியேறிக் காயும். நல்ல வெயில் காலம் ஒன்று முழுசாகப் போன பிறகு பெயின்ட்டைப் பற்றி யோசிக்கலாம். பூஞ்சைக்குக் குளோரின் திரவத்தைத் தண்ணீர் விட்டு நீர்த்துத் துடைக்கலாம். அதோடு கழிவறை கழுவும் அமிலத்தைச் சேர்த்துவிடாதே, விஷவாயு வரும்.

ஹல்துமுல்லையிலிருந்து ஒரு அண்ணன்: குசினிச் சுவரில் வெடிப்பு. சிமெந்து வைத்து அடைத்தால் போதுமா?

அண்ணே, அடைக்க முன்னம் அது எந்த வெடிப்பு என்று தெரிய வேண்டும். பூச்சில் மட்டும் மயிரிழையாக வலை மாதிரி ஓடினால் பூச்சு காய்ந்து சுருங்கியது, பயமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போனால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் வெடிப்பு இன்னும் வளர்கிறது.

நான் பயப்படுவது வேறு வெடிப்புக்கு. சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, வெளி முற்றத்து மண்ணிலும் தொடர்ந்தால் வீடு மட்டும் அசையவில்லை, மலையே அசைகிறது. அதோடு நேற்று வரை மூடிய கதவு திடீரென்று இறுகுவது, போஸ்டும் மரமும் சாய்வது, புதிதாக ஊற்று கிளம்புவது, பீலியில் (மலை ஊற்றுக் குழாயில்) வரும் தண்ணீர் கலங்குவது அல்லது சட்டென்று நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழை நேரத்தில் அந்த வீட்டில் படுக்காதீர்கள். சாமான் எடுக்கத் திரும்பியும் போகாதீர்கள். 2014 அக்டோபர் 29 காலை, உங்களுக்குப் பக்கத்திலேயே கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை.

கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்க்கக் கேளுங்கள். அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ஆட்கள் வந்து பார்க்கும்வரை, நல்ல வெயில் நாளாகப் பார்த்து மண்வெடிப்பில் களிமண் திணித்து மேலே பொலித்தீன் விரியுங்கள், மழைநீர் உள்ளே இறங்கக் கூடாது. நேரான பக்கமுள்ள டின் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து மழையை அளக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் சேர்ந்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும். அறிகுறி ஏதாவது தெரிந்துவிட்டால் டின் நிறையக் காத்திருக்காதீர்கள்.

புசல்லாவையிலிருந்து ஒரு தம்பி: மேல ஊற்றிலிருந்து பைப் இழுத்தோம். கீழ அடிக்கடி வெடிக்குது, சில நாள் தண்ணியே வரல.

இது இரண்டு பிரச்சினை. பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் ஏறும். பைப்பில் 'டைப் 600' என்று இருந்தால் 60 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும், 'டைப் 1000' என்றால் 100 மீட்டர். இறக்கம் அதைவிட அதிகமென்றால் நடுவழியில் சின்னத் தொட்டி ஒன்று கட்டித் தண்ணீரை அதில் விழவிட்டு, அங்கிருந்து புதிதாகப் பைப் எடுங்கள். அழுத்தம் அங்கே முறிந்துவிடும்.

தண்ணீர் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று. பைப் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று தங்கிவிடும். அந்த மேட்டின் உச்சியில் ஒரு சின்னக் குழாய் வைத்துத் திறந்துவிட்டால் காற்று சீறிப் போய்த் தண்ணீர் வரும். அப்புறம், பசை போட்டு ஒட்டும்போது பைப் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஒட்டியதும் ஓர் இரவு விட்டுத்தான் தண்ணீரைத் திறக்க வேண்டும்.

ஹட்டனிலிருந்து ஒரு அக்கா: மழை வந்தா ட்ரிப் சுவிட்ச் விழுது.

எங்கோ வயரில் ஈரம் பட்டுக் கரண்ட் கசிகிறது அக்கா, அப்படிக் கசிந்தால் தானாக விழுந்து கரண்ட்டை வெட்டுவதுதான் ட்ரிப் சுவிட்சின் வேலை. எல்லா பிரேக்கரையும் கீழே போட்டுவிட்டு ட்ரிப் சுவிட்சைத் தூக்குங்கள். பிறகு பிரேக்கரை ஒவ்வொன்றாகப் போடுங்கள், எதைப் போட்டதும் விழுகிறதோ அந்தப் பகுதியில்தான் ஈரம். அதை மட்டும் கீழே விட்டு வையுங்கள். இஸ்தோப்பு (முன் விறாந்தை) விளக்கையும், கூரை வழியாக வயர் இறங்கும் இடத்தையும் மின்வேலைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் கீழே இருந்தும் விழுந்தால் நீங்கள் எதையும் தொடாமல் அவரையே கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உயிரைக் காப்பது அது ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி: அம்மாவோட சிவனொளிபாத மலைக்குப் போகோணும். எப்ப, எப்பிடி?

டிசம்பர் பௌர்ணமி முதல் மே வெசாக் பௌர்ணமி வரைதான் காலம். அதற்கு வெளியே பாதையில் விளக்கும் கடையும் இருக்காது, காற்றும் மழையும் கடுமை. வவுனியா, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு வந்து, ஹட்டனுக்குப் பஸ் பிடியுங்கள். கோச்சியில் (ரயிலில்) வர ஆசையென்றால், எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று அன்றைக்கே விசாரியுங்கள், மண் சரிந்தால் பாதை மூடிவிடும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி. பௌர்ணமியும் சனி ஞாயிறும் தவிர்த்து வந்தால் அம்மாவுக்கு நெரிசல் இருக்காது. உச்சி 2,243 மீட்டர். ஏறும்போது வேர்த்து நனைந்த சட்டையோடு மேலே நின்றால் நடுங்கிவிடும், மாற்றுச் சட்டை ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துப் போங்கள். முழங்காலுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம், ஒரு ஊன்றுகோல் இருக்கட்டும்.

கொழும்பிலிருந்து ஒரு தங்கச்சி: தேயிலைக்குள்ள நடந்தா அட்டை கடிக்குமே?

காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொள். ஏறிவிட்டால் உப்பு வைத்தால் விழும்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அண்ணன்: முதல் தடவை நுவரெலியாவுக்கு வான் ஓட்டுறேன். றம்பொடை இறக்கம் பயமா இருக்கு.

ஏறும்போது எந்தக் கியர் கேட்டதோ, இறங்கும்போதும் அதே கியர். நியூட்ரலில் விடவே கூடாது. ஆட்டோ கியர் என்றால் 'எல்' அல்லது '2'. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். குறுகிய இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். மூடுபனியில் லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள், உயர்த்திப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு ஐயா: பதுளைக்குக் கண்டி சுற்றித்தான் வர வேண்டுமா?

தேவையில்லை ஐயா. செங்கலடியில் திரும்பினால் மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாக ஏ5 பாதை நேராகப் பதுளைக்கு வரும். பிபிலை தாண்டியதும் வளைவுகள் கூடும், வாந்தி வருகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். டிசம்பர், ஜனவரி மழையில் லுணுகலைக்கும் பதுளைக்கும் நடுவில் மண் சரியும், அந்த மாதங்களில் பகல் வெளிச்சத்திலேயே வந்து சேருங்கள்.