சாப்பிடுவது உடம்பில் ஒட்ட வேண்டும்: கணையப் புற்றுநோயும் உணவும்

கேள்வி: என் மாமனாருக்கு வயது 63. மூன்று மாதங்களுக்கு முன் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்து, உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியத்தில் ஒரு மாதம் வைத்திருந்தோம். குறையவில்லை என்று ஸ்கேன் எடுத்தபோதுதான் கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. இப்போதைக்கு அறுவை சிகிச்சை செய்ய இயலாது என்று சொல்லி, பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்து, கீமோதெரபி தொடங்கியிருக்கிறார்கள். 68 கிலோ இருந்தவர் 54 கிலோ ஆகிவிட்டார். சர்க்கரை நோயும் புதிதாக வந்திருக்கிறது. கொழுப்பு செரிக்காது என்று பயந்து மூன்று வேளையும் கஞ்சியும் மோரும்தான் கொடுக்கிறோம். அப்படியும் நாளுக்கு நான்கைந்து முறை வயிற்றால் போகிறது. சோறும் இனிப்பும் புற்றுநோயை வளர்க்கும், முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். வீட்டில் சமைப்பவள் நான்தான். என்ன கொடுக்கலாம், எதை நிறுத்தலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் நிறுத்த வேண்டியது பத்தியத்தைத்தான். காமாலை என்றாலே உப்பையும் எண்ணெயையும் விலக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கிருமித் தொற்றால் கல்லீரல் வீங்கி வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடுவதால், அந்தப் பெருமை பத்தியத்துக்கும் கீழாநெல்லிக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உங்கள் மாமனாருக்கு வந்தது அந்தக் காமாலை அல்ல. கட்டி அழுத்தியதால் பித்தக்குழாய் அடைபட்டு, குடலுக்குப் போக வேண்டிய பித்தம் இரத்தத்தில் கலந்ததால் வந்த காமாலை அது. எந்த இலையும் அந்த அடைப்பைத் திறக்காது. ஸ்டென்ட் வைத்துப் பித்தம் இறங்கிய பிறகும் பத்தியம் தொடர்வதுதான் இப்போது எனக்குக் கவலை தருகிறது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கும் ஓர் உறுப்பு. நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேலான செரிமான நீரை அது சுரந்து, ஒரு குழாய் வழியாக முன்சிறுகுடலில் சேர்க்கிறது. கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், புரதத்தை உடைக்கும் நொதிகள் ஆகிய மூன்று வகையும் அந்த நீரில்தான் இருக்கின்றன. கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வந்தால் பித்தக்குழாய், கணையக்குழாய் இரண்டுமே அடைபடலாம். ஸ்டென்ட் திறந்துவிட்டது பித்தக்குழாயை மட்டுமே என்பதையும், கணையக்குழாய் பெரும்பாலும் அடைபட்டபடியே இருக்கும் என்பதையும் பல குடும்பங்கள் அறிவதில்லை. ஆகவே வாய் வழியாக உள்ளே போகும் உணவு செரிக்காமலே வெளியேறுகிறது. எடை குறைவதற்குப் புற்றுநோய் தன்னளவில் ஒரு காரணம், பசியின்மை இன்னொரு காரணம். இந்த மூன்றாவது காரணம்தான் மருந்தால் எளிதில் சரிசெய்யக்கூடியது. வருத்தம் என்னவென்றால், பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவதும் இதுதான்.

கேட்கக் கூச்சமாக இருந்தாலும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்: மலம் எப்படி இருக்கிறது என்று அவரையோ உங்கள் கணவரையோ கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள். நிறம் வெளுத்து, களிமண்போல இருக்கிறதா? அளவு அதிகமாக, கடுமையான நாற்றத்துடன் போகிறதா? இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றியும் போகாமல் மிதக்கிறதா? தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் தெரிகிறதா? சாப்பிட்டவுடன் வயிறு உப்பிப் பொருமுகிறதா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே நொதிக் குறைபாடு இருக்கிறது என்று கொள்ளலாம். எண்ணெய்ப் படலம் தெரியவில்லை என்பதால் குறைபாடு இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. நீங்கள்தான் அவர் உணவில் எண்ணெயே சேர்ப்பதில்லையே.

இதற்கு மருந்து, கணைய நொதி அடங்கிய கேப்சூல். பேன்கிரியாட்டின் என்பது அதன் பொதுப் பெயர். அறுவை சிகிச்சை செய்ய இயலாத கணையப் புற்றுநோயாளிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டும் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. கேப்சூலின் மேல் 10,000, 25,000 என்று எழுதியிருப்பது லைப்பேஸின் அலகு. முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 அலகு, சிற்றுண்டிக்கு அதில் பாதி என்ற அளவில் தொடங்கி, மலத்தின் தன்மையையும் எடையையும் பார்த்துக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். 10,000 அலகு கேப்சூல் ஒன்றை நாளுக்கு ஒரு தடவை கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று நிறுத்திவிடுவதை அடிக்கடி காண்கிறேன். அது பலனற்ற மருந்து அல்ல, போதாத அளவு. உங்கள் மாமனாரின் மருந்துச் சீட்டில் இந்தக் கேப்சூல் இருக்கிறதா, இருந்தால் எத்தனை அலகு என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். அளவை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

கேப்சூலை எப்படிச் சாப்பிடுகிறார் என்பது அளவைவிடவும் முக்கியம். என்னிடம் வந்த ஒரு பெரியவர் நான்கு வாரம் கேப்சூல் எடுத்தும் இளைத்துக்கொண்டே போனார். மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்னபோது, அவருடைய மகள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து காட்டினார். காலை, மதியம், இரவு என்று பிரித்த அறைகளில் மற்ற மாத்திரைகளோடு நொதிக் கேப்சூலும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது. பெரியவர் காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் சூடான காப்பியோடு விழுங்கிவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து இட்லி சாப்பிட்டிருக்கிறார். இட்லி குடலுக்குப் போன நேரத்தில் நொதி அங்கே இல்லை. அன்றிலிருந்து கேப்சூலைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்திலேயே வைத்தார்கள். முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று. அடுத்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு அடங்கி, எடை இறங்குவது நின்றது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். கேப்சூலை மெல்லக் கூடாது. சூடான பானத்தோடு விழுங்கக் கூடாது. வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்கக் கூடாது, சூடு நொதியைக் கெடுத்துவிடும். விழுங்க முடியாவிட்டால் திறந்து, உள்ளிருக்கும் மணிகளை ஒரு கரண்டி தயிரிலோ மசித்த ஆப்பிளிலோ கலந்து உடனே விழுங்கச் செய்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மணிகள் வாயில் தங்கினால் புண்ணாகும். பாலும் சத்துமாவுக் கஞ்சியும்கூட உணவுதான், அவற்றுக்கும் கேப்சூல் வேண்டும்; வெறும் தண்ணீர், இளநீர், பால் சேர்க்காத டீ ஆகியவற்றுக்கு வேண்டாம். அளவு போதுமானதாக இருந்தும் பலன் குறைவாக இருந்தால், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றையும் மருத்துவர் சேர்த்துக் கொடுப்பார். இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

இனி உங்கள் கஞ்சிக்கு வருவோம். இரண்டு மேசைக்கரண்டி அரிசியில், ஏறத்தாழ 30 கிராமில், காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் சுமார் 105 கலோரியும் 2 கிராம் புரதமும் இருக்கும். மூன்று வேளைக்கு 315 கலோரி. மோரைச் சேர்த்தாலும் நாளுக்கு 400ஐ எட்டுவதே அரிது. புற்றுநோயாளிக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை. 54 கிலோ எடையுள்ள உங்கள் மாமனாருக்கு அது நாளுக்கு 1,350 முதல் 1,600 கலோரி வரை, 55 முதல் 80 கிராம் புரதம் வரை ஆகிறது. தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட உள்ளே போகவில்லை, போனதும் முழுதாகச் செரிக்கவில்லை. அவர் இளைப்பது நோயால் மட்டும் அல்ல என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். உங்கள் மீது குறை சொல்ல இதை எழுதவில்லை. கொழுப்பு செரிக்காது என்ற உங்கள் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு விடை கொழுப்பை விலக்குவது அல்ல, கொழுப்போடு நொதியையும் கொடுப்பது.

கஞ்சியை விட வேண்டாம், அதைக் கனமாக்குங்கள். அவருக்குப் பழகிய அதே கஞ்சியில் இரண்டு கரண்டி பால்பவுடரைக் கரைத்தால் சுமார் 6 கிராம் புரதம் கூடும். ஒரு தேக்கரண்டி நெய் 45 கலோரி தரும். வறுத்துப் பொடித்த பொட்டுக்கடலையோ வேர்க்கடலையோ சேர்த்தால் ருசியும் கூடும். குழைந்த சாதத்தில் கெட்டிப் பருப்பும் நெய்யும், தயிர்சாதத்தில் பாலாடை, இட்லிக்கு நல்லெண்ணெய் விட்ட பருப்புப்பொடி, நடுவில் ஒரு வேகவைத்த முட்டை (அதில் 6 கிராம் புரதம்), முள் நீக்கிய மீன் குழம்பு, பன்னீர் என்று போகலாம். மூன்று வேளை நிறையப் போடுவதைவிட, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். பெரிய தட்டைப் பார்த்தாலே இவர்களுக்குப் பசி போய்விடும். காலையில்தான் பலருக்கு ஓரளவு பசி இருக்கும், அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். சாப்பிடும்போது தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு நிரம்பிவிடும், இடையிடையே குடிக்கட்டும். கீரை, காய் எல்லாம் கொடுக்கலாம், ஆனால் கிண்ணம் கிண்ணமாகப் பொரியலும் பச்சைக் காய்கறியும் கொடுத்தால் நார்ச்சத்து வயிற்றை அடைத்து, சத்துள்ள உணவுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

சர்க்கரையைப் பற்றி. புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அதிகம் எடுத்துக்கொள்வது உண்மை. ஆனால் நீங்கள் சோற்றை நிறுத்தினால் அவை பட்டினி கிடப்பதில்லை. உடல் தன் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்து இரத்தத்தில் விடுகிறது. தேய்வது அவருடைய தொடையும் தோளும்தான். அதேசமயம் அவருக்கு வந்திருக்கும் சர்க்கரை நோய் கணையப் பாதிப்பால் வந்தது என்பதால், உணவைக் குறைத்துச் சரிசெய்யக்கூடியது அல்ல. உண்ணும் உணவுக்கு ஏற்ப மருந்தை அமைத்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் இன்சுலின் தேவைப்படும். நொதி ஆரம்பித்ததும் உணவு நன்றாக உடம்பில் சேர்ந்து சர்க்கரை அளவு ஏறக்கூடும், அப்போது பயந்து கேப்சூலை நிறுத்திவிடாதீர்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதும் ஆபத்து. சர்க்கரை திடீரென்று இறங்கினால் அதை உயர்த்தும் குளுக்ககானையும் இவருடைய கணையம் போதிய அளவு சுரக்காது. வியர்வை, நடுக்கம், பிதற்றல் தெரிந்தால் விழுங்கும் நிலையில் இருக்கும்போதே இரண்டு மூன்று கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

முள்சீத்தா வேண்டாம். இதை உறுதியாகவே சொல்கிறேன். கணையப் புற்றுநோயை அது குணப்படுத்தியதற்கு மனிதர்களிடம் நடந்த ஆய்வுச் சான்று இல்லை. மறுபுறம், கரீபியத் தீவான குவாதலூப்பில் இதன் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நெடுங்காலம் உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புப் பாதிப்பு காணப்பட்டதாக 1999இல் மருத்துவ இதழில் வெளியாகியிருக்கிறது. கீமோ மருந்துகளில் சிலவும் நரம்பைத் தாக்குபவை. அதன் மேல் இதையும் ஏற்ற வேண்டாம். வேறு கஷாயம், சூரணம், அதிக அளவு மஞ்சள் மாத்திரை எதுவானாலும் கீமோ கொடுக்கும் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு இந்தத் தடை இல்லை.

கீமோ நாட்களில் தாளிக்கும் வாசனையே குமட்டலைக் கிளப்பும். முடிந்தால் அவர் வேறு அறையில் இருக்கும்போது சமைத்து, ஆறிய பிறகு பரிமாறுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து அவருக்குச் செலுத்தப்படுகிறது என்றால், அடுத்த சில நாட்களுக்குக் குளிர்ந்த மோரோ தண்ணீரோ தொண்டையிலும் விரலிலும் ஊசி குத்துவது போன்ற உணர்வைத் தரும். எல்லாம் வெதுவெதுப்பாக இருக்கட்டும். வெள்ளையணுக்கள் குறையும் காலம் என்பதால் காய்ச்சி ஆறிய தண்ணீர், அன்று சமைத்த உணவு, வீட்டில் தோலுரித்த பழம் போதும். வெளியில் நறுக்கி விற்கும் பழமும் கரும்புச்சாறும் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பசியே இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கீமோ பெறும் 124 நோயாளிகளிடம் நடத்தி 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒலன்சபின் என்ற மருந்தை நாளுக்கு வெறும் 2.5 மில்லிகிராம் அளவில் 12 வாரம் கொடுத்தபோது பசியும் எடையும் தெளிவாகக் கூடின. இரைப்பை, நுரையீரல் புற்றுநோயாளிகளோடு கணையம், கல்லீரல், பித்தப்பாதைப் புற்றுநோயாளிகளும் அந்த ஆய்வில் இருந்தனர். மனநல மருந்தாகவே பலருக்குத் தெரிந்த மாத்திரை இது. தூக்கக் கலக்கம் தரும், சர்க்கரையையும் கூட்டலாம். அவருக்குப் பொருந்துமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

சில அறிகுறிகளுக்கு உணவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், குளிர் நடுக்கம், கண்ணில் மீண்டும் மஞ்சள் ஆகியவை தெரிந்தால் ஸ்டென்ட் அடைபட்டிருக்கலாம் அல்லது கீமோவினால் தொற்று வந்திருக்கலாம். காலையில் சாப்பிட்டது மாலையில் அப்படியே வாந்தியாக வந்தால் கட்டி முன்சிறுகுடலை அடைக்கிறது என்று பொருள். அங்கும் ஸ்டென்ட் வைக்க முடியும். கறுத்த மலமும் காத்திருக்கக் கூடாத அறிகுறிதான்.

கடைசியாக, சாப்பாட்டுக்காக வீட்டில் சண்டை வர விடாதீர்கள். நோய் முற்றும்போது உடலே உணவை வேண்டாம் என்று தள்ளும். அந்தக் கட்டம் வந்தால் கலோரிக் கணக்கை விட்டுவிட்டு, அவர் ஆசைப்பட்டது எதுவோ அதில் இரண்டு வாய் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்; அவர் மறுப்பது உங்கள் சமையலையோ பாசத்தையோ அல்ல. இப்போது அவர் அந்தக் கட்டத்தில் இருப்பதாக உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றவில்லை. ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை எடை, தினமும் எத்தனை முறை மலம் போனார், அது மிதந்ததா, எந்தச் சாப்பாட்டுக்கு எத்தனை கேப்சூல், சர்க்கரை அளவு ஆகியவற்றை எழுதிவாருங்கள். அடுத்த கீமோவுக்குப் போகும்போது அந்த நோட்டை மருத்துவர் கையில் கொடுத்து, நொதி அளவு போதுமா, சர்க்கரை மருந்தை மாற்ற வேண்டுமா, அங்கே உணவியல் நிபுணர் இருக்கிறாரா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு வாருங்கள்.