மறு: கீழ் லிம்ப் முறுகிய கிரிஸ்லி வில், வேறு கம்பனிக்கு மாறலாமா?

கைமாறி வாங்கிய 45 றாத்தல் பெயார் கிரிஸ்லி வில்லின் கீழ் லிம்ப் (பிடிக்குக் கீழே வளையும் பகுதி) முறுகிவிட்டது, கம்பனியை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் பல வருடமாய்ப் பெயார் வில்தான் பிடிக்கிறேன், பக்கச்சார்பு இருக்கும். 1933இல் ஃபிரெட் பெயார் தொடங்கிய கம்பனி என்பதற்காக அல்ல. இந்த 58 அங்குல வில் கைக்குள் அடங்கும் விதம் வேறெதிலும் எனக்கு வாய்க்கவில்லை.

முறுகலுக்குப் பெரும்பாலும் நாணேற்றும் விதமே காரணம். காலுக்கிடையில் விட்டு வளைத்தால் லிம்ப் ஒரு பக்கமாய்த் திரும்பும். வெள்ளவத்தை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டாலும் ஆபத்துத்தான். வில்லை நேராய் வளைத்து நாண் மாட்ட உதவும் நாணேற்றும் கயிறு ஒன்று வாங்குங்கள், முதல் வேலை அது. நாணேற்றியபின் நுனியில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள்: நாண் லிம்பின் நடுவே ஓடவேண்டும். சற்றே விலகல் என்றால், எதிர்ப்பக்கம் மெதுவாய்த் திருப்பிச் சிறிது நேரம் பிடியுங்கள். சில நாள் தொடர்ந்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் கண்ணாடியிழையில் வெடிப்போ ஒட்டு விலகலோ தெரிந்தால் இழுக்கவே வேண்டாம், எந்தக் கம்பனி வில்லானாலும்.

அப்புறம், 45 றாத்தல் என்ற இழுவிசை 28 அங்குல இழுவைக்கு. நீங்கள் இழுக்கும் 26இல் 40 அளவுதான் வரும். பழைய மொடல் என்றால் டக்ரோன் என்ற, சற்று நீண்டுகொடுக்கும் செயற்கை நூல் நாணே போடுங்கள்.