வேலையை விட்டுச் சொந்தத் தொழிலா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் இந்தத் தடவை வந்த கேள்விகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: இறங்கலாமா, வேண்டாமா. பெயர்களை எடுத்துவிட்டேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: தொழிற்சாலையில் பல வருஷமாக எலெக்ட்ரீஷியன். சனி ஞாயிறில் வெளி வேலை செய்கிறேன், நல்ல பெயர் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு, பென்ஷன் பணத்தை எடுத்துப் புது பக்கி (சிறிய சரக்கு வண்டி) வாங்கி முழுநேரமாக இறங்கலாமா?

முதலில் இதைச் சொல்லுங்கள் அண்ணா, வயர்மேன் லைசென்ஸ், அதாவது தொழிலாளர் துறைப் பதிவு, இருக்கிறதா? ட்ரேட் டெஸ்ட் பாஸ் பண்ணி ரெட் சீல் என்கிற தொழில் தகுதிச் சான்று வாங்கியிருப்பது வேறு, இது வேறு. வீட்டு வயரிங் சரியாக இருக்கிறது என்று காம்ப்ளையன்ஸ் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட, தொழிலாளர் துறையில் பதிவு செய்தவரால்தான் முடியும். காண்ட்ராக்டராகத் தொழில் நடத்தவும் அங்கேயே தனிப் பதிவு வேண்டும். வீடு கைமாறும்போதெல்லாம் அந்தச் சர்டிபிகேட்டைக் கேட்பார்கள், இன்சூரன்ஸ்காரர்களும் கேட்பார்கள். பதிவு இல்லையென்றால் வேலையைச் செய்வது நீங்கள், கையெழுத்துக்குக் காசு வாங்குவது வேறொருவர் என்றுதான் போகும். அதனால் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே இந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டை எடுத்து, கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்குக் காசு கொடுத்த எல்லோரையும் எழுதுங்கள். அதில் சொந்தக்காரர்கள், கோயில் கமிட்டி ஆட்கள், தொழிற்சாலை நண்பர்கள் எல்லோரையும் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பவர்களில் இரண்டாவது தடவை கூப்பிட்டவர்கள் யார், சொன்ன தேதியில் பணம் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். தெரிந்தவர்கள் பாசத்தில் கூப்பிடுவார்கள், முன்பின் தெரியாதவர் மறுபடி கூப்பிட்டால்தான் அது தொழில். அந்தப் பணம் மட்டும் வீட்டுச் செலவில் பாதியைத் தாங்கினால் ராஜினாமாவைப் பற்றி யோசிக்கலாம், தாங்காவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் சனி ஞாயிறோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பென்ஷன் பணத்தில் புது பக்கி வாங்காதீர்கள். 2024 செப்டம்பர் 1-லிருந்து வந்த, பென்ஷன் பணத்தை இரண்டாகப் பிரிக்கும் இரண்டு பானை முறையில், அதற்குப் பிறகு கட்டியதில் மூன்றில் இரண்டு பங்கை வேலையை விட்டாலும் தொட முடியாது. அதற்கு முந்தைய பணத்தை ராஜினாமா செய்து எடுக்கலாம்தான், ஆனால் முதல் 27,500 ரேண்டுக்கு மேல் வரி பிடிப்பார்கள், அந்தச் சலுகையும் ஆயுளுக்கு ஒரே தடவைதான். ஓய்வு பெறும்போது கிடைக்க வேண்டிய வரிச் சலுகையையும் அது தின்றுவிடும். ஓடுகிற பழைய பக்கி போதும். இன்னொன்று, நீங்களாக ராஜினாமா செய்தால் பொதுவாக யூஐஎஃப் என்கிற வேலையின்மைக் காப்பீட்டுப் பணம் கிடைக்காது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: வீட்டில் முறுக்கு, லட்டு, ஊறுகாய் செய்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். புரட்டாசியிலும் தீபாவளிக்கும் ஆர்டர் தாங்க முடியவில்லை. கால் சென்டர் வேலையை விட்டுவிடவா?

மே, ஜூனில் எத்தனை ஆர்டர் வந்தது, அக்கா? நம் ஊரில் புரட்டாசிக்குப் பாதி வீடுகளில் கறியும் மீனும் சமைக்க மாட்டார்கள், அடுத்தாற்போல தீபாவளி, அந்தக் கொஞ்ச நாள் யார் எது செய்தாலும் விற்கும். வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் வருஷம் முழுக்க வருமே! சும்மா கிடக்கிற மாதங்களில் பர்த்டே, கல்யாணம், பதினாறாம் நாள் என்று ஆர்டர் வருகிறதா என்று ஒரு வருஷம் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விலையையும் ஒரு தடவை உட்கார்ந்து போடுங்கள். ஒரு கிலோ முறுக்குக்கு மாவும் எண்ணெயும் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். கேஸ், பாக்கெட், ஸ்டிக்கர், கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல், உடைந்துபோய் வீட்டிலேயே தின்றது, இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. கடைசியில் அடுப்படியில் நின்ற மணிக்கணக்கை எழுதி, கால் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கிறதோ அதையே உங்களுக்கும் போடுங்கள். அப்படிப் போட்டும் நஷ்டம் வராத விலையில் ஆட்கள் வாங்கினால் நீங்கள் தயார். வாங்கவில்லையென்றால் இப்போது நீங்கள் உங்கள் உழைப்பைத்தான் இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வீட்டில் செய்து விற்றாலும் முனிசிபாலிட்டியின் சர்டிபிகேட் ஆஃப் அக்செப்டபிலிட்டி, அதாவது சமையலறை உணவு செய்யத் தகுந்தது என்கிற சான்று, வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து சமையலறையைப் பார்ப்பார். கடைகளில் வைக்கப் போனால் முதலில் இதைத்தான் கேட்பார்கள், அதனால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

மிட்ராண்டிலிருந்து: கோயம்புத்தூரிலிருந்து வந்தவன், ஜெனரல் வொர்க் விசாவில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். ஃப்ரீலான்ஸ் செய்யலாமா?

வேண்டாம் தம்பி. அந்த விசா உங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனியோடு கட்டப்பட்டது. சனி ஞாயிறு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முதலில் குடிவரவு விஷயம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள், வேறு விசா கையில் வந்த பிறகு மிச்சத்தைப் பேசுவோம்.

மெரிபேங்கிலிருந்து: என் வீட்டுக்காரருக்கும் ஃபோர்மேனுக்கும் தினமும் சண்டை. “இந்த மாதமே விட்டுவிட்டுச் சொந்தமாகப் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். என்ன தொழில் என்று கேட்டால் பதில் இல்லை. நான் தடுப்பது தப்பா?

தப்பே இல்லை அம்மா. அவருக்கு வேண்டியது வேறு ஃபோர்மேன், அதற்கு வேறு கம்பெனியில் வேலை தேடினால் போதும். அவமானப்பட்டு வீட்டுக்கு வருகிற மனுஷனிடம் “முடியாது” என்று மட்டும் சொன்னால் வீம்பு இன்னும் ஏறும். அதனால் இரண்டு பேருமாக உட்கார்ந்து, சம்பளமே வராத ஆறு மாதத்துக்கு வீட்டுச் செலவைப் போடுங்கள். பாண்ட் (வீட்டுக் கடன்), மளிகை, மின்சாரம், கார், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவது, எதையும் விடாதீர்கள். அந்தத் தொகை பேங்கில் இருக்கிறதா?

மெடிக்கல் எய்டையும் (மருத்துவக் காப்பீட்டையும்) மறக்காதீர்கள். கம்பெனி வழியாக இருந்தது நின்று, 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால், புதிதாகச் சேரும் இடத்தில் மூன்று மாதம் எல்லாவற்றுக்குமே காக்க வைக்கலாம், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை மாதிரி நோய்களுக்கு 12 மாதம் வரை தள்ளலாம். வீட்டில் யாராவது தினம் மாத்திரை சாப்பிட்டால் இது ஒன்றே போதும், அவசரப்படாமல் இருக்க.

டோங்காட்டிலிருந்து: கம்பெனி பதிவு செய்தால்தான் தொழில் தொடங்க முடியுமா?

இல்லை. உங்கள் பெயரிலேயே தொடங்கலாம். ஆனால் கடன் வந்தால் அது உங்கள் வீட்டு வாசலுக்கே வரும். கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான சிஐபிசியில் பதிவுக்குப் பெரிய செலவில்லை, ஆனால் வருஷா வருஷம் ரிட்டர்ன் போட வேண்டும். கம்பெனி என்றால் கடன் அதோடு நின்றுவிடும் என்று தைரியமாகவும் இருக்காதீர்கள், பேங்கும் கடை வாடகைக்கு விடுபவரும் உங்களைத் தனியாக ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். போடும் முன் படியுங்கள்.

லெனேஷியாவிலிருந்து: மார்ச்சில் தனியாக டியூஷன் சென்டர் தொடங்குகிறேன். வரித் துறையான சார்ஸுக்கு எப்போது கட்ட வேண்டும்?

இனிமேல் மாதாமாதம் உங்கள் வரியை யாரும் பிடித்துக் கட்ட மாட்டார்கள். வரி வருஷம் மார்ச் 1-ல் தொடங்கும், நீங்களே முன்கூட்டிக் கட்டும் ப்ரொவிஷனல் டாக்ஸில் ஆகஸ்ட் கடைசிக்குள் ஒன்று, பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று. முதல் வருஷம் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் ஆகஸ்டில்தான் தடுமாறுகிறார்கள், வந்த ஃபீஸை எல்லாம் வீட்டுச் செலவுக்குப் போட்டுவிட்டிருப்பார்கள். இன்றைக்கே இன்னொரு கணக்கு திறந்து, வருகிற ஒவ்வொரு ஃபீஸிலும் கால் பங்கை அன்றன்றே அதில் போடுங்கள், அந்தக் கணக்குக்குக் கார்டு வாங்காதீர்கள். ஜூலையில் ஒரு கணக்காளரிடம் காட்டினால் சரியான தொகையைச் சொல்லிவிடுவார்.