இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சிடி ஸ்கேனுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

இறாலை நினைத்து ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். கான்ட்ராஸ்ட் என்பது ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிவதற்காக நரம்பில் ஏற்றும் மருந்து. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாமல் போவது பெரும்பாலும் அவற்றிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதத்தால். கான்ட்ராஸ்ட் மருந்தில் இருக்கும் அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதே ஊசி முன்பு போட்டபோது உங்களுக்கு ஏதாவது ஆனதா என்பதுதான் பெரிய கேள்வி. நான் டாக்டர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். உங்கள் அலர்ஜி எல்லாவற்றையும் ஸ்கேன் எடுப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

நான் இறால், நண்டு எல்லாம் சாப்பிடுகிறவள். ஆனாலும் இந்த ஊசியால் எனக்கு அலர்ஜி வந்தது. நான்கு வருடம் முன்பு வயிற்றுவலிக்காக சிடி. மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடு, வாயில் இரும்பு ருசி, சிறுநீர் போய்விட்டதோ என்று ஒரு பதற்றம். இதெல்லாம் பலருக்கும் வருவதுதான், அலர்ஜி இல்லை. ஆனால் இறங்கிச் செருப்பைத் தேடும்போது உள்ளங்கை அரித்தது. கழுத்தில் கம்பளிப்பூச்சி பட்டதுபோல் தடிப்புத் தடிப்பாக வந்தது, உதடு வீங்கியது. "பயத்துல அப்படித்தான் இருக்கும்க்கா" என்றார் டெக்னீஷியன் தம்பி. நல்லவேளையாக ஒரு நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) இருந்ததால் உடனே மருந்து போட முடிந்தது. ஒரு மணி நேரத்தில் அடங்கியது.

என் ஆத்திரமே அதற்குப் பிறகு நடந்ததில்தான். ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. போன வருடம் மறுபடி ஸ்கேன் என்றதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்த மருந்து போட்டாங்க?" இரண்டு தடவை அலைந்து, பழைய ரெஜிஸ்டரைப் புரட்டவைத்துத்தான் ஐயோஹெக்சால் என்று தெரிந்தது. அப்புறம் வேறு கான்ட்ராஸ்ட் மாற்றினார்கள். மறுபடி அலர்ஜி வராமலிருக்க ஸ்கேனுக்கு 13, 7, 1 மணி நேரம் முன்பு ஸ்டீராய்டு மாத்திரை. பத்து மணி ஸ்கேனுக்கு விடிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து விழுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. "ஸ்டீராய்டா?" என்று பதறுகிறவர்களுக்கு: டாக்டர் எழுதிக் கொடுத்தது, மொத்தமே மூன்று வேளைதான்.

கையெழுத்து வாங்குகிற படிவமும் முழுக்க ஆங்கிலம். என் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கும் அப்படித்தான் நீட்டினார்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்று யாருமே யோசிப்பதில்லையா?

சரி, உங்கள் விஷயம். ஊசி போட்டபின் அரை மணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள், அதுவரை வென்ஃப்ளானை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளம்பும் முன் மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதை ஆதார் அட்டையோடு வைத்திருக்கிறேன்.