மலைமேல் புல்வெளி: கேட்டீர்கள், சொல்கிறேன்

போன இதழில் நீலகிரியின் அவலாஞ்சி, மேல் பவானி பக்கத்துப் புல்வெளிப் படங்களைப் போட்டாலும் போட்டோம், கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதிக் கடிதங்களில் ஒரே கேள்விதான், அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மலை முழுக்க மொட்டையாகக் கிடக்கிறதே, மழையும் நன்றாகப் பெய்கிற இடம், ஏன் யாரும் மரம் நடுவதில்லை? எங்கள் பள்ளி மாணவர்கள் 1,000 கன்றுகளோடு வரத் தயார். (வாசகர், திருப்பூர்)

உங்கள் மாணவர்களின் ஆர்வத்துக்கு ஒரு வணக்கம். ஆனால் தயவுசெய்து கன்றுகளைத் திருப்பூரிலேயே நடுங்கள், அங்கே நிழல் தேவைப்படுகிறது. இங்கே மரம் நட்டுத்தான் பாதி மலையைக் கெடுத்தோம்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் சுமார் 2,000 மீட்டருக்கு மேலே போனால் நிலம் இரண்டு விதமாகப் பிரிந்து கிடக்கும். நீரோடும் மடிப்புகளில் சோலை, அதாவது குட்டை குட்டையாக, பாசி படர்ந்து, உள்ளே நுழைந்தால் பகலிலும் இருட்டாக இருக்கும் காடு. மற்ற சரிவெல்லாம் புல். சோலையின் ஓரத்தில் நின்று பாருங்கள், ஒரு கால் காட்டிலும் ஒரு கால் புல்லிலும் இருக்கும், நடுவில் இடைவெளியே கிடையாது. சோலை மரத்தின் விதை புல்லுக்குள் விழாமல் இல்லை, விழுந்து முளைக்கவும் செய்யும், ஆனால் டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஒரே இரவில் கருகிவிடும். சோலைக்குள் மரக்கூரை இரவின் சூட்டைப் பிடித்து வைப்பதால் அங்கே முளைத்தது மட்டும் பிழைக்கும். இதோடு தீயும் காற்றும் சேர்ந்துகொள்கின்றன.

இந்தப் புல்வெளி எப்போதோ காட்டை வெட்டியதால் வந்ததுதான் என்று அடித்துச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா பள்ளத்தாக்கில், செடிகொடி மக்கி அடுக்கடுக்காகப் படிந்த கறுப்புச் சேற்று மண்ணைத் தோண்டி எடுத்து, அதிலுள்ள கார்பனைச் சூழலியலாளர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் சோதித்து 1993-ல் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளாகவே இங்கே புல் இருக்கிறது என்று அந்த மண் சொன்னது. அந்தக் காலத்தில் கோடாரி ஏந்தி இங்கே யார் வந்தார்கள்?

வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் (வாட்டில் மரம், தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் அல்ல) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்தார்கள். முதலில் விறகுக்கு, அப்புறம் சீகைப் பட்டை தோல் பதனிட, கற்பூர மரம் காகிதக் கூழுக்கும் ரேயான் கூழுக்கும் என்று சுதந்திரத்துக்குப் பிறகு நாமே இன்னும் வேகமாக நட்டோம். 1973-லும் 2014-லும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, பழனி மலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. சீகை உறைபனியைத் தாங்கும், அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். இப்போது அதை வெட்டி எடுக்கத்தான் ஆட்களும் பணமும் செலவாகின்றன. அதிலும் ஒரேயடியாக வெட்டிவிட முடியாது, கொடைக்கானல் பக்கம் சில இடங்களில் வயதான சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் எழுந்து வருகின்றன, அவற்றைப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

புல்வெளியால் கீழே இருக்கும் எங்களுக்கு என்ன லாபம்? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

நீங்களே இப்படிக் கேட்கலாமா? உங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் எங்கே புறப்படுகிறது என்று பாருங்கள். குந்தா மலைப் புல்வெளிகளுக்கு நடுவே பிறக்கும் பவானி கேரளத்துக்குள் போய், அட்டப்பாடி வழியாகத் திரும்பித் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. முக்குர்த்தி பக்கத்தில் பிறக்கும் பைக்காரா, மோயாறாக இறங்கிப் பவானிசாகரில் சேர்கிறது. நடுவில் மின்சாரமும் எடுக்கிறோம், பைக்காரா மின்நிலையம் 1932-லிருந்து ஓடுகிறது.

ஜூலை மழையில் இந்தப் புல்மேல் நடந்தால் சத்தம் கேட்காது, கால் அழுந்தும், எடுத்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நிற்கும். பள்ளங்களில் இருக்கும் கறுப்பு மண் இன்னும் அதிகமாகக் குடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர்தான் மழை நின்று பல வாரம் கழித்தும் ஓடையில் கசிகிறது. அதே இடத்தில் நெருக்கமாக அந்நிய மரத் தோப்பு நின்றால் அது தன் பங்குக்கு உறிஞ்சிக்கொண்டுதான் மிச்சத்தை விடும்.

மகனைப் பார்க்க எடின்பரோ போயிருந்தேன். அங்கே 'மூர்' என்று ஒரு மேட்டு நிலம், ஊதாப் பூவும் மூடுபனியுமாக அச்சு அசல் நம் மேல் பவானி மாதிரியே இருந்தது. இரண்டும் ஒன்றுதானா? (வாசகி, மதுரை)

கண்ணுக்கு ஒன்று, கதை வேறு. அந்த ஒற்றுமையில் மயங்கித்தான் வெள்ளைக்காரர்கள் இங்கே குடியேறினார்கள். ஊட்டிக்கு மேற்கே இருக்கும் புல்வெளிக்கு 1890-களில் சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரை வைத்து, வேட்டை நாய்களோடு குதிரையில் சுற்றினார்கள். இன்றைக்குச் சினிமாக்காரர்கள் ஆடிப்பாடும் ஷூட்டிங் மட்டம் அந்தப் பக்கம்தான்.

ஸ்காட்லாந்து மூரில் நீங்கள் பார்த்த ஊதாப் பூ ஹெதர் என்ற குத்துச்செடி. அங்கே பெரும்பகுதியில் ஒரு காலத்தில் மரங்கள் இருந்தன. வெட்டினார்கள், செம்மறி விட்டார்கள், மான்கள் பெருகிக் கன்றுகளைத் தின்றன, கிரௌஸ் என்ற வேட்டைப் பறவைக்கு இளந்தளிர் வேண்டும் என்று ஹெதரைப் பட்டை பட்டையாகக் கொளுத்தினார்கள், இன்னமும் கொளுத்துகிறார்கள். மேய்ச்சலை நிறுத்தினால் பல இடங்களில் மரம் தானாகவே திரும்பி வரும். ஆகவே அங்கே மரம் நடலாம் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது, அப்போதும் ஆழமான கறுப்பு மண் இருக்கும் இடத்தில் நடக்கூடாது என்கிறார்கள். நாம் இருப்பது பதினோராவது அட்சரேகையில், அவர்கள் ஐம்பத்தாறில். அவர்கள் ஊர் யோசனையை அப்படியே இங்கே இறக்கியதில் வந்த வினை மேலே சொன்னதுதான்.

வரையாட்டைக் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். எங்கே போகலாம்? (வாசகர், சென்னை)

முக்குர்த்தி தேசியப் பூங்கா வரையாட்டுக்காகவே ஏற்பட்டது, 78 சதுர கிலோமீட்டர், ஆனால் நினைத்தபடி உள்ளே போக முடியாது, போகவும் வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் காலையில் நிதானமாகப் போங்கள், தடுப்புச் சுவரிலேயே நிற்கும். இல்லையென்றால் மூணாறு பக்கம் இரவிகுளம் இருக்கிறது, குட்டி போடும் காலத்தில் மட்டும் மூடிவிடுவார்கள்.

பார்க்கும்போது பெரிய கிடாவைக் கவனியுங்கள். உடம்பு கருப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், முதுகில் மட்டும் வெளுப்பாகச் சேணம் போட்டதுபோல் ஒரு திட்டு. கொம்பு ஒரே வளைவாகப் பின்னால் சாயும். கூட்டம் மேயும்போது ஏதாவது ஒன்று தலையைத் தூக்கிக் கீழ்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் எல்லாம் செங்குத்துப் பாறைக்குப் பாய்ந்துவிடும். மேய்ச்சலுக்குப் புல், ஒளிய பாறை, இரண்டும் பக்கம் பக்கமாக வேண்டும், அதனால்தான் புல் போனால் இதுவும் போகிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 இருந்தன, அடுத்த ஆண்டு 1,303. நம் மாநில விலங்கு, ஒரு பெரிய கல்யாணத்துக்கு வரும் கூட்டம்கூட இல்லை.

பிஸ்கட் போடாதீர்கள். செல்ஃபிக்காகக் கிட்டே போகாதீர்கள்.

நீலகிரியில் பார்க்கிற பறவைகள்தானே கொடைக்கானலிலும்? இரண்டு ஊருக்கும் அலைய வேண்டுமா? (வாசகர், திருச்சி)

அலையத்தான் வேண்டும்! நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. சோலைக்குள்ளேயே வாழும் சின்னப் பறவைகள் வெயிலான தாழ்நிலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவதில்லை, பல லட்சம் ஆண்டுகளாகப் போகவில்லை. சோலைக்கிலி என்ற நீல நிறப் பறவை நீலகிரியில் விலாப்பக்கம் செம்பழுப்பாக இருக்கும், பழனி மலையில் அந்தச் செம்பழுப்பு இல்லை, வயிறு வெள்ளை. சிரிப்பான் குருவியும் அப்படியே, நீலகிரியில் அடிப்பக்கம் செம்பழுப்பு, பழனியில் நெஞ்சு சாம்பல். மரபணுவைப் பார்த்து 2017-ல் இந்த இரண்டு வகைக்கும் தனித்தனிப் பேரினமே கொடுத்துவிட்டார்கள். ஆனால் புல்வெளியில் தரையிலேயே கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலியைக் கணவாயின் இரண்டு பக்கமும் பார்க்கலாம். பழுப்புக் கோடு போட்ட சாதாரணக் குருவி, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளியை விட்டால் அதற்கு உலகத்தில் வேறு இடமே இல்லை.

குறிஞ்சி அடுத்து எப்போது? (வாசகி, திண்டுக்கல்)

பன்னிரண்டு ஆண்டுக் குறிஞ்சி 2006, 2018 என்று பூத்தது, கணக்குப்படி 2030. இடையில் வருடா வருடம் "குறிஞ்சி பூத்தது" என்று செய்தி வருகிறதே என்று கேட்பீர்கள். குறிஞ்சியில் பல இனம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு.

தோடர்கள் புல்லைக் கொளுத்துவார்களாமே, அது தவறில்லையா? (கல்லூரி மாணவர், கோவை)

எருமைக்கு இளம்புல் வேண்டும் என்று சிறுசிறு திட்டாகக் கொளுத்துவது அவர்கள் வழக்கம், தழல் மேலோடு போய்விடும், வேர் பிழைத்துக்கொள்ளும். பின்னால் வனத்துறை தடுத்தது. நூற்றாண்டுக் கணக்கில் எருமை மேய்த்தும் புல்வெளியைப் புல்வெளியாகவே வைத்திருந்தவர்களைக் குற்றம் சொல்லும் முன் யோசிக்க வேண்டும். ஆனால் இன்று பக்கத்தில் சீகை நிற்கும் இடத்தில் தீ வைத்தால் அதன் விதைக்குத்தான் கொண்டாட்டம், அதனால் பழைய வழக்கம் அப்படியே எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

குந்தா பக்கம் மலை முழுக்க மஞ்சளாகப் பூத்த செடியைப் பார்த்தேன், கொள்ளை அழகு. ஏற்காட்டில் எங்கள் தோட்ட வேலிக்கு அதன் விதை கிடைக்குமா? (வாசகர், சேலம்)

கிடைக்கும், எங்கே என்று சொல்ல மாட்டேன். அது ஸ்காட்ச் புரூம், பக்கத்திலேயே முள்ளோடு இருந்திருந்தால் அது கோர்ஸ், இரண்டும் ஊர் ஞாபகத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தவை. வெயில் அடிக்கும் நாளில் புரூமின் காய்ந்த கருப்புக் காய்கள் பட்பட்டென்று வெடித்து, ஓடு இரண்டும் முறுக்கிக்கொண்டு விதையைத் தூர எறியும். ஒரு செடி இருந்த இடத்தில் கொஞ்ச காலத்தில் புல் தெரியாது, வரையாடும் நுழையாது. வேலிக்குச் செம்பருத்தி வையுங்கள், வருடம் முழுக்கப் பூக்கும்.